மோட்டார் புதிது, கோளாறு பழையது: ஒரு 2002 சில்வராடோவின் ஃபோர் வீல் டிரைவ்

வண்டி 2002 செவ்ரோலே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், டாஷ்போர்டில் நான்கு பட்டன்களோடு (2ஹை: பின் சக்கரம் மட்டும்; 4ஹை: நான்கு சக்கரமும்; 4லோ: நான்கும், மெதுவான ஆனால் பலமான இழுவைக்கு; ஆட்டோ: தேவைப்படும்போது தானாக நான்கும்) வரும் ஆட்டோடிராக் ஃபோர் வீல் டிரைவ். டொரன்டோவின் கிழக்குப் பக்கத்தில் கோடையில் தோட்ட வேலையும், பனிக்காலத்தில் கடைவாசல்களில் ஸ்னோ வழிக்கும் வேலையும் செய்கிற ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் கொண்டுவந்தார். அவருக்கு ஃபோர் வீல் இல்லையென்றால் அன்றைய வருமானம் இல்லை.

புகார் இதுதான். காலையில் கடுங்குளிரில் 4ஹை பட்டனை அழுத்தினால் அதன் விளக்கு கொஞ்ச நேரம் மினுங்கும், பிறகு பழையபடி 2ஹை விளக்கே எரியும். சில நாள் அதோடு 'சர்வீஸ் 4 வீல் டிரைவ்' எச்சரிக்கையும் வரும். வெயில் ஏறியபின், வண்டியை அணைத்துப் போட்டு மறுபடி அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல வேலை செய்யும். இதற்காக வேறொரு பட்டறையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) மேலிருக்கும் என்கோடர் மோட்டாரை மாற்றியிருக்கிறார்கள். சரியாகவில்லை. அப்புறம் பட்டன் தொகுதியையும் மாற்றியிருக்கிறார்கள்.

"மோட்டரும் புதுசு, பட்டனும் புதுசு. இனி என்னத்தைத்தான் தம்பி மாத்திறது?" என்றார்.

"இப்போதைக்கு ஒன்றும் மாத்த வேண்டாம் அண்ணை, முதல்ல அளந்து பார்ப்பம்" என்றேன்.

கழற்றிய பழைய மோட்டாரை அவர் எறியாமல் வண்டியின் பின்தட்டில் ஒரு பையில் கட்டி வைத்திருந்தார். அது பிறகு ரொம்பவே உதவியது.

பட்டனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது

பழைய நெம்புகோல் வண்டிகளில் கைதான் டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றும். இந்த வண்டியில் அந்த வேலையை ஒரு மாட்யூல், அதாவது ஒரு சிறு கணினிப் பெட்டி, செய்கிறது. பட்டனை அழுத்துவது உத்தரவு இல்லை, விண்ணப்பம்தான். மாட்யூல் வண்டியின் வேகம், முன் பின் புரொப்பல்லர் ஷாஃப்டுகள் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டுகள்) சுற்றும் வேகம், கியர் எதில் இருக்கிறது என்பவற்றைப் பார்த்துவிட்டு, சம்மதம் என்றால் மட்டும் மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும். மோட்டார் இரண்டு திசையிலும் சுற்ற வேண்டும் என்பதால், இரண்டு தடித்த வயர்களில் பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றி மாற்றிக் கொடுக்கிறது.

மோட்டார் எவ்வளவு திரும்பியது, எங்கே நிறுத்துவது என்பதை மாட்யூலுக்குச் சொல்வதுதான் என்கோடர். அது மோட்டாரின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. இந்த வண்டியில் இருப்பது நான்கு தடம் கொண்ட வகை. பி, ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துகளால் அவற்றைக் குறிக்கிறார்கள். தமிழில் எழுதினால் இரண்டு 'பி' வந்து குழப்பும் என்பதால் இனி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றே சொல்கிறேன். ஒவ்வொரு தடமும் 'உயர்' அல்லது 'தாழ்' என்று மட்டும்தான் சொல்லும். நான்கையும் சேர்த்துப் படித்தால் ஷாஃப்ட் 2ஹையில் நிற்கிறதா, நியூட்ரலிலா, 4லோவிலா என்று மாட்யூலுக்குத் தெரியும். சில சேர்க்கைகளுக்கு அர்த்தமே கிடையாது. அப்படி ஒன்று வந்தால் மாட்யூல் மோட்டாரை நகர்த்தாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று தோன்றலாம். காரணம் நியூட்ரல். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் விழுந்துவிட்டால், கியர் பார்க்கில் இருந்தாலும் வண்டி சரிவில் உருண்டு போகும். ஆகவே தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாத நிலையில் மோட்டாரைச் சுற்ற விடுவதைவிட, 2ஹையிலேயே கிடக்கட்டும் என்று மாட்யூல் முடிவெடுக்கிறது. இவருடைய வண்டியில் விளக்கு மினுங்கி 2ஹைக்குத் திரும்பியது அதனால்தான்.

இதற்கப்பால் இன்னொரு கட்டமும் உண்டு, பலரும் மறந்துவிடுவது. டிரான்ஸ்ஃபர் கேஸ் சேர்ந்துவிட்டால் முன் புரொப்பல்லர் ஷாஃப்டுக்குச் சக்தி வந்துவிடும், ஆனால் முன் சக்கரத்துக்கு வந்துவிடாது. முன் டிஃபரன்ஷியலின் (இடது, வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் பாகம்) வலப்பக்க ஆக்ஸில் ஷாஃப்ட் 2ஹையில் துண்டிக்கப்பட்டிருக்கும். ஆக்ஸில் ஆக்சுவேட்டர் என்ற சிறு பாகம் ஒரு தண்டை வெளியே நீட்டி ஃபோர்க்கை (இணைப்பை நகர்த்தும் கவைத் துண்டு) தள்ளினால்தான் அது ஒட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில் இரண்டும் சேர்ந்தால்தான் ஃபோர் வீல்.

கோட் சொன்னது

கையடக்கமான மலிவு ஸ்கேனரில் பலருக்கும் இந்த வண்டி 'கோட் (கோளாறு குறியீடு) எதுவும் இல்லை' என்று காட்டும். அந்தக் கருவிகள் எஞ்சினின் பி (P) வரிசைக் கோடுகளை மட்டும் படிக்கும். ஃபோர் வீல் மாட்யூலின் கோடுகள் சி வரிசை. அந்த மாட்யூலோடு பேசத் தெரிந்த கருவி வேண்டும். செவ்ரோலேயின் தாய்க் கம்பெனியான ஜி.எம். வண்டிகளுக்கான பழைய டெக் 2 ஸ்கேனர் போதும், அதற்கு ஈடான வேறு கருவிகளும் உண்டு.

இதில் இரண்டு கோடுகள் இருந்தன. சி0327, அதாவது என்கோடர் சர்க்யூட்டில் கோளாறு. சி0387, கேட்ட மாற்றத்தைச் செய்ய முடியவில்லை என்பது. இரண்டாவது முதலாவதன் விளைவு, அதைத் தனியாகத் துரத்த வேண்டியதில்லை.

சி0327 என்று கண்டதும் என்கோடர் மோட்டாரை வாங்கி மாட்டுவது இந்த வண்டிகளில் வழக்கமாகிவிட்டது. பாதி வேளை அது சரியாகவும் போகும், ஏனென்றால் என்கோடர் உண்மையிலேயே தேய்ந்து போகிற பாகம். ஆனால் கோட் சொல்வது 'சர்க்யூட்' என்று. சர்க்யூட் என்றால் மாட்யூலின் பின்னிலிருந்து வயர், கனெக்டர், என்கோடர், திரும்பி வரும் எர்த் வயர் வரை எல்லாம். மாட்யூலுக்கு வந்த செய்தி தப்பு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். செய்தி எந்த இடத்தில் கெட்டது என்று அதற்குத் தெரியாது. புது மோட்டார் போட்டும் அதே கோட் திரும்பி வந்தால், கேள்வியே மாறிவிடுகிறது.

அளவைகள்

முதலில் சலிப்பூட்டும் வேலைகள். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், எஞ்சின் ஓடும்போது 14க்கு மேல். பலவீனமான பேட்டரி இந்த மாட்யூல்களுக்கு ஆகாது, குளிர்காலக் காலையில் இன்னும் ஆகாது. ஆனால் இதில் பேட்டரி நன்றாக இருந்தது. ஃபியூஸ்களைக் கண்ணால் பார்த்ததோடு விடாமல் இரு முனையிலும் வோல்ட் பார்த்தேன். பட்டனை அழுத்தி மோட்டார் இழுக்கும் நேரத்தில் மாட்யூலின் எர்த் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே அளந்தேன், சொல்லத்தக்க வோல்ட் எதுவும் இல்லை. ஒன்டாரியோவில் ரோட்டில் போடும் உப்பு முதலில் எர்த் இணைப்புகளைத்தான் தின்னும். அதனால் அதை ஓம் மீட்டரில் பார்த்துவிட்டு நம்புவதில்லை. கரன்ட் ஓடும்போது பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பட்டனை விசாரிக்க ஸ்கேனரே போதும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் மாட்யூல் அதை என்னவென்று புரிந்துகொள்கிறது என்று திரையில் வரும். நான்கையும் வரிசை மாற்றி அழுத்திப் பார்த்தேன், நான்கும் சரி. பழைய பட்டன் தொகுதி கையில் இருந்ததால் அதையும் மாட்டிப் பார்த்தேன். அதுவும் சரி. பெரியவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது மோட்டார். பழைய மோட்டாரை மேசையில் வைத்து 12 வோல்ட் கொடுத்தேன். இரண்டு திசையிலும் தடையில்லாமல் சுற்றியது. என்கோடரின் நான்கு தடங்களையும் மெதுவாகத் திருப்பித் திருப்பி மீட்டரில் பார்த்தேன். ஒவ்வொன்றும் வர வேண்டிய இடத்தில் சுத்தமாக மாறியது. ஆக பழைய மோட்டாரிலும் குற்றமில்லை.

மிஞ்சியது வயரிங். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சாவியை ஆன் செய்து, ஸ்கேனர் திரையில் நான்கு தடங்களையும் வரிசையாக வைத்துக்கொண்டு கீழே போனேன். எதையும் அழுத்தவில்லை, மோட்டார் அசையவில்லை. அப்படியானால் நான்கு தடங்களும் கல்போல நிற்க வேண்டும். பட்டறைச் சூட்டில் நின்றன. வயர்க்கட்டை மேலிருந்து கீழாக அசைத்துப் பார்த்தேன், ஒன்றுமில்லை. பிறகு மோட்டாரின் கனெக்டர்மேல் குளிரூட்டும் ஸ்ப்ரே அடித்தேன். அதன்மேல் வெள்ளையாகப் பனி பூக்கத் தொடங்கியதும் மூன்றாம் தடம் உயர், தாழ், உயர், தாழ் என்று துடிக்க ஆரம்பித்தது. கனெக்டரை விரலால் லேசாக ஒரு பக்கம் அழுத்தினால் நின்றது, விட்டால் மறுபடி துடித்தது. மற்ற மூன்றும் அசையவே இல்லை.

கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோது மோட்டார் பக்கத்துப் பின்கள் பளபளவென்று புதிதாக இருந்தன. வயர் பக்கத்துப் பெண் டெர்மினல்களில் (பின் உள்ளே நுழையும் துளைகள்) மூன்றாவதன் வாய் மட்டும் மற்றவற்றைவிட விரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுதான். அதே குடும்பத்துக் கனெக்டரின் ஆண் பின் ஒன்றை எடுத்து ஒவ்வொரு துளையிலும் செருகி இழுத்துப் பார்த்தேன். மற்றவற்றில் பிடிப்பு இருந்தது, இழுக்கத்தான் வந்தது. மூன்றாவதில் செருகிவிட்டுக் கையை எடுத்தால் பின் தானாக நழுவி விழுந்தது. இன்னும் கொஞ்சம் மேலே பார்த்தால், அதே வயரின் உறையில் ஓர் ஊசித் துளை. அந்த இடத்தில் உறையை உரித்தேன். செம்பு பச்சை பூத்து, அங்கிருந்து கனெக்டர் பக்கமாகக் கறுத்துக்கொண்டே போயிருந்தது.

என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். எப்போதோ யாரோ டெஸ்ட் லைட்டின் ஊசியால் வயரைக் குத்திப் பார்த்திருக்கிறார்கள். மல்டிமீட்டரின் தடித்த முனையை டெர்மினல் வாயிலும் திணித்திருக்கிறார்கள். ஊசித் துளை வழியே உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கியது, விரிந்த வாய் பின்னைப் பிடிக்க மறந்தது. சூட்டில் எல்லாம் கொஞ்சம் விரிந்து ஒட்டிக்கொள்ளும், குளிரில் சுருங்கி விலகும். காலையில் ஒரு குணம், மத்தியானம் ஒரு குணம் என்று அவர் சொன்னது இதைத்தான். புது மோட்டாரை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் அது செருகப்பட்டது இதே விரிந்த வாய்க்குள்தான்.

கனெக்டரைச் சோதிக்க வேண்டுமென்றால் பின்புறமாக, வயர் நுழையும் ரப்பர் சீலின் பக்கமாக மெல்லிய முனையை நுழைத்துப் பார்க்கலாம். முன்புறமாக என்றால் அதே அளவு ஆண் பின்னை ஒரு வயரில் இணைத்து வைத்துக்கொண்டு அதைச் செருகிப் பார்க்க வேண்டும். இந்தச் சின்ன ஒழுக்கம் இல்லாத இடங்களில்தான் சோதனையே நோயாகிவிடுகிறது. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

சரிசெய்தது

டெர்மினல் வாயை ஊசியால் நெருக்கிவிட்டு அனுப்பலாம், அன்றைக்கு வேலை செய்யும். ஸ்னோ வழிக்கும் வண்டிக்கு அது போதாது. வயரோடு வரும் புதுக் கனெக்டரை வாங்கினேன். பழையதை வெட்டும் முன் ஒவ்வொரு வயரும் எந்தத் துளையில் போகிறது என்று படம் எடுத்துக்கொண்டேன். புதுக் கனெக்டரில் வயர்களின் நிறம் பழையதோடு ஒத்துப்போகும் என்று நம்பக் கூடாது, துளையின் எண்ணைத்தான் நம்ப வேண்டும். கறுத்த செம்பு முடிந்து பளிச்சென்ற செம்பு வரும்வரை பின்னால் போய் வெட்டினேன். மூன்றாம் வயரில் அது எதிர்பார்த்ததைவிட நீளமாகவே போயிற்று.

இணைப்புகளை ஒரே இடத்தில் குவியாமல் படிப்படியாகத் தள்ளித் தள்ளி வைத்தேன். கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் வைத்து நசுக்கி இணைத்து), உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடினேன். சால்டரிங் வேண்டாம் என்பது என் கருத்து. சேஸியின் அடியில் ஓயாத அதிர்வு, சால்டர் முடியும் இடத்தில் வயர் ஒடியும். கடைசியாக வயர்க்கட்டை எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து விலக்கிக் கட்டினேன். கனெக்டர் மோட்டாரைத் தொடும் இடத்தில் இழுபடாதபடி கொஞ்சம் தளர்வு விட்டேன்.

கோடுகளை அழித்துவிட்டு மறுபடி குளிர் ஸ்ப்ரே. நான்கு தடமும் அசையவில்லை. 4ஹையை அழுத்தினேன். மோட்டார் உறுமியது, விளக்கு நிலையாக எரிந்தது.

எரிந்த விளக்கு சொன்ன பொய்

இதோடு பில் போட்டிருக்கலாம். ஆனால் விளக்கு எரிவதும் முன் சக்கரம் இழுப்பதும் ஒன்றல்ல. இதைக் கையாலேயே பார்த்துவிடலாம். பின் சக்கரங்கள் தரையில், அவற்றுக்கு முன்னும் பின்னும் கட்டை. முன்பக்கம் மட்டும் தூக்கி ஸ்டாண்டில். கியர் பார்க்கில், எஞ்சின் அணைத்து, சாவி மட்டும் ஆன், 4ஹை.

முதலில் முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்ப முயன்றேன். இறுகியிருந்தது. ஆக டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. பிறகு இடது முன் சக்கரத்தைச் சுற்றினேன். ஆக்ஸில் ஒட்டியிருந்தால் வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், ஏனென்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் பிடிபட்டிருக்கும்போது டிஃபரன்ஷியலுக்கு வேறு வழியில்லை. வலது சக்கரம் அசையவில்லை. இடப்பக்கத்தில் கொடுத்த சுற்று டிஃபரன்ஷியலுக்குள் போய் வலப்பக்கத்துத் துண்டு ஷாஃப்டில் வீணாகிக்கொண்டிருந்தது.

ஆக்சுவேட்டரின் கனெக்டரில் கரன்ட் வந்தது, எர்த்தும் நல்ல எர்த். ஆக்சுவேட்டரைத் திருகிக் கழற்றி, கனெக்டரை மாட்டி, கையில் பிடித்துக்கொண்டே 4ஹை அழுத்தினேன். தண்டு பாதி வந்து நின்றுவிட்டது. கழற்றிய துளை வழியே ஃபோர்க்கைத் தள்ளிப் பார்த்தேன். ஸ்பிரிங்கை எதிர்த்து நகர்ந்தது, விட்டதும் திரும்பியது. ஃபோர்க்கில் சிக்கல் இல்லை, ஆக்சுவேட்டர்தான் மூப்பு. இந்த ஒன்றுக்குப் புதுப் பாகம் தேவைதான். மாட்டியபின் வலது சக்கரம் முறையாக எதிர்த்திசையில் சுற்றியது.

இதற்கு ஏன் முன்பே புகார் வரவில்லை? சூடான மத்தியானங்களில் 4ஹை விளக்கு எரிந்தபோதெல்லாம் அது வேலை செய்கிறது என்று அவர் நம்பியிருக்கிறார். உருகிக்கொண்டிருக்கும் ஸ்னோவில் பின் சக்கரமே போதுமாக இருந்திருக்கும்.

எண்ணெயும் டயரும்

டிரான்ஸ்ஃபர் கேஸ் என்.வி. 246. இதற்கென்று உள்ள ஆட்டோடிராக் 2 எண்ணெய் நீல நிறம். வடித்தபோது சிவப்பாக வந்தது. யாரோ சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். ஆட்டோ நிலையில் உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்கியும் பிடித்தும் வேலை செய்பவை. வேறு எண்ணெயில் அவை விக்கி விக்கிப் பிடிக்கும், திருப்பங்களில் கடகடவென்று சத்தம் வரும். சரியான எண்ணெய் ஊற்றினேன், ஏறக்குறைய 2 லிட்டர்.

இந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் வைத்திருக்கும் எவரும் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. உள்ளே எண்ணெய் பம்பின் உடல் நாளடைவில் அதிர்ந்து அதிர்ந்து பின்பக்க உறையை உள்ளிருந்து தேய்த்து ஊசித் துளை போட்டுவிடும். துளை உயரமான இடத்தில் இருப்பதால் நிறுத்தி வைத்த வண்டியின் கீழே ஒரு சொட்டுகூட விழாது. ஓடும்போதுதான் எண்ணெய் தெறித்து வெளியேறும். கீழே ஈரமில்லையே என்று இருந்தவர்கள் நெடுஞ்சாலையில் கேஸ் கருகி நின்ற கதைகள் ஏராளம். இந்த வண்டியில் உறையின் பின்பாதியின் மேற்பக்கத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. எண்ணெய் அளவும் குறையவில்லை.

டயர்தான் இன்னும் பாக்கி. பின்னால் இரண்டும் புதிது, முன்னால் இரண்டும் நன்றாகத் தேய்ந்தவை. சுற்றளவு வேறானால் முன் பின் ஷாஃப்டுகள் நேர்ச்சாலையிலேயே வெவ்வேறு வேகத்தில் சுற்றும். ஆட்டோவில் போட்டால் மாட்யூல் அதைச் சறுக்கல் என்று எண்ணிக் கிளட்சைச் சும்மா சும்மா இறுக்கும். சி0376 என்ற கோட் இருப்பதே இப்படி ஷாஃப்ட் வேகங்கள் ஒத்துப்போகாதபோது சொல்வதற்குத்தான். இதில் அது இன்னும் வரவில்லை. முன் டயர்களை மாற்றும்வரை ஆட்டோ பட்டனைத் தொட வேண்டாம், ஸ்னோவில் 4ஹை, காய்ந்த தாரில் 2ஹை என்று சொன்னேன்.

4லோ பற்றியும் அவர் கேட்டார். "அது எப்பவுமே மினுங்கிப்போட்டு நிண்டிடும் தம்பி, அதையும் பாருங்கோ." பார்த்ததில் கோளாறு இல்லை. வண்டி நிற்க வேண்டும், அல்லது மணிக்கு 5 கிலோமீட்டருக்குள் ஊர வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் விளக்கு 30 விநாடி மினுங்கிவிட்டுக் கைவிட்டுவிடும். அவர் டிரைவிலேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நியூட்ரலில் வைத்து அழுத்தச் சொன்னேன். ஒரு சின்ன இடிச் சத்தத்தோடு விழுந்தது.

வண்டியை இரவு முழுக்க வெளியே நிறுத்தி, காலையில் எஞ்சினைச் சூடாக்காமலே 4ஹை போட்டுப் பார்த்தோம். விளக்கும் நின்றது, முன் சக்கரமும் இழுத்தது. பழைய மோட்டாரை என்ன செய்வது என்று கேட்டார். நல்ல மோட்டார் அது, பையோடு வீட்டில் வைத்திருக்கச் சொன்னேன்.